மல்லாட்டைக்கு ஓர் அட்டை

அந்த அம்மாள் மூன்று முறை வந்து வெறுங்கையோடு திரும்பினார் என்பதை அவர் நான்காம் முறை வந்தபோதுதான் அறிந்தேன். மூன்று முறையும் நான் அதே கட்டடத்தில், பத்தடித் தொலைவில், மரத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏதோ ஓர் அட்டையில் வல்லொற்று மிகுமா மிகாதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். இதை எழுதும் இந்த நாளிலும் எனக்குச் சினம் தணியவில்லை. சினத்தில் பாதி என்மீது. மீதியைப் பிறருக்குப் பங்கிட்டுத் தருவதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் திண்டிவனத்தில் எண்ணெய் வித்துகளுக்கென்றே ஒரு காட்சிசாலை இருந்தது. செக்குக்காரர் சிலரும் நிலக்கிழார் சிலரும் கூடி விழுப்புரத்தில் நிறுவியிருந்த அறக்கட்டளை ஒன்று அதை நடத்தியது. முன்கூடத்தில் எள்ளும் ஆமணக்கும் இலுப்பைக்கொட்டையும் கடலையும் கண்ணாடிப் புட்டிகளில் நிற்கும். நடுவில் ஒரு கல்செக்கு. பின்கட்டில் நூலகம். அதில் அச்சான நூல்கள் குறைவு. பண்ணைக் குறிப்பேடுகள், செக்குக்காரர் கடிதங்கள், விதை மாற்றிக்கொண்ட சீட்டுகள், மழை பெய்த நாள்களின் குறிப்புகள் என்று கையெழுத்துத் தாள்களே மிகுதி. அவை சாக்குகளிலும் தகரப்பெட்டிகளிலும் கட்டுக்கட்டாக வந்து சேரும். அவற்றுக்கு அட்டவணை செய்ய, வித்துவான் தேர்வு தேறியிருந்த என்னை அமர்த்தினார்கள்.

வேலை இவ்வளவுதான். கட்டு வந்ததும் அதற்குச் சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எண். பிறகு தூசு தட்டி, தாள்களை எண்ணி, கிழிசலைக் குறித்து, உள்ளே இருப்பதைப் படித்து, ஓர் அட்டை எழுதுவது. அட்டைகள் அகரவரிசைப்படி சிறு மர இழுப்பறைகளில் நிற்கும். யாரும் உருவிக்கொண்டு போகாதபடி அவற்றின் அடியில் ஒரு கம்பி ஊடுருவிச் செல்லும். யாராவது வந்து கேட்டால், தலைச்சொல்லைப் பார்த்து அட்டையைத் தேடி, அட்டையிலுள்ள எண்ணைப் பார்த்துக் கட்டை எடுத்துத் தரவேண்டும். அட்டையில் இல்லாதது நூலகத்திலும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பெருமையோடு பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அட்டை என்பது பாயிரம். நூலுக்கு முன் நிற்கும் பாயிரத்தில் இன்னின்னவை சொல்லப்படவேண்டும் என்று வகுத்த நம் இலக்கணத்தார், எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தது ஆக்கியோன் பெயரை. அதனால் என் அட்டைகளிலும் முதல் வரி ‘ஆக்கியோன்’ என்றே தொடங்கும். கட்டைக் கொண்டுவந்து கொடுத்தவருக்குக் கடைசி வரி, ‘வழங்கியவர்’.

அறக்கட்டளையின் செயலாளர் இதை விரும்பவில்லை. அவர் சென்னையில் அரசுப் பணி பார்த்து ஓய்வு பெற்றவர், விழுப்புரத்தில் வீடு, வாரத்துக்கு இருமுறை திண்டிவனம் வருவார். அவர் இரண்டு விதிகள் இட்டார். முதலாவது, கட்டுகளைப் பிரித்து உள்ளிருப்பவற்றைப் பொருள்வாரியாக அடுக்குவது: மழை மழையோடு, பூச்சி பூச்சியோடு, விதை விதையோடு. இரண்டாவது, ஒரு சேகரிப்பு அதை வழங்கியவர் பெயராலேயே வழங்கப்படுவது. “வித்வான், கொடுத்தவர் மனசு குளிரணும். அப்பத்தான் இன்னும் நாலு பேர் கொடுப்பா” என்றார். ஒருவர் கை எழுதிய ஏடுகளை நான்கு தட்டுகளுக்கு விரட்டுவது அவரை வெட்டி நான்கு ஊர்களில் புதைப்பதற்கு ஒப்பு என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் சொல்லவில்லை. பிரித்து அடுக்கினேன், ஆக்கியோன் வரியையும் விட்டுவிட்டேன்.

இனி என் சொந்தக் குற்றம். அட்டையில் கொச்சை நுழையக்கூடாது என்பது நான் எனக்கே இட்டுக்கொண்ட விதி. இந்தப் பக்கத்தில் கேழ்வரகுக்குக் கேப்பை என்பார்கள். கடலைக்கு மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது உழவர் நாவில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. தேய்ந்த சொல்லைத் தலைச்சொல்லாக வைப்பதா? எல்லா அட்டைகளிலும் ‘நிலக்கடலை’ என்றே எழுதினேன். வழக்குச் சொல்லின் கீழே ‘நிலக்கடலை காண்க’ என்று ஒரு சுட்டட்டை வைப்பது நூலக முறை என்று செயலாளரே ஒருமுறை சொன்னார். அந்த ஒரு செய்தியில் அவர் சொன்னது சரி, நான்தான் மறுத்தேன். கொச்சைக்குத் தனிக் கதவு வைக்கமாட்டேன் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

நான்காம் முறை அந்த அம்மாள் வந்தபோது, வாயிலில் இருந்த ஏவலர் குரல் சற்று உயர்ந்ததால் எனக்குக் கேட்டது.

“அதான் சொல்லிட்டேனேம்மா. மானா பொட்டியில ரெண்டு தபா தேடிட்டேன். அப்புடி ஒண்ணு இங்க இல்ல.”

“இல்லாம எங்க பூடும்? பெரிய வூட்டு வண்டியிலதான் இங்க வந்து எறங்குச்சு. வண்டி ஓட்னவரே சொன்னாரு.”

“இங்க மல்லாட்டையே கெடையாதும்மா. சும்மா பேஜாரு பண்ணிக்கினு.”

“மல்லாட்டையே கெடையாதா? வாசல்ல புட்டியில ரொப்பி வெச்சிருக்கீங்களே, அது இன்னா, முத்தா?”

நான் எழுந்து வெளியே வந்தேன். நாற்பது வயதிருக்கும். கிளியனூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து புதுச்சேரிச் சாலைப் பேருந்தில் வந்திருந்தார். கையில் துணிப்பை.

“தாங்கள் தேடுவது எது, அம்மா?” என்றேன்.

அவர் ஏவலரைப் பார்த்தார். “ரேடியோ பேசுதுன்னு நெனைக்காதம்மா. புலவரய்யா பேச்சே அப்புடித்தான். கேளு” என்றார் ஏவலர்.

“எங்கப்பாரு எழுதின நோட்டுங்க. பதினோரு நோட்டு. மேல ‘மல்லாட்ட வெவரம்’னு போட்டிருக்கும்.”

அப்படி எழுதிய மேலட்டையை நான் பார்த்திருந்தேன். பார்த்து, முகம் சுளித்து, ‘நிலக்கடலைக் குறிப்புகள்’ என்று திருத்தி எழுதியிருந்தேன். இரண்டு சொற்களுள் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. மல்லாட்டையைத் தேடி வந்தவருக்கு ‘ம’ வரிசையில் ஒன்றும் கிட்டாதபடி, நிலக்கடலை என்ற சொல்லை ஒரு நாளும் வாயால் சொல்லாத ஒருவர் தம் தந்தையைக் கண்டுகொள்ள முடியாதபடி, மிகத் தூய்மையாக அடைத்துவைத்திருந்தேன்.

அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். தந்தை, பெரிய வீட்டாரின் மேட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டவர். முப்பது ஆண்டு ஒரே நிலத்தில் கடலை. அவர் இறந்த மறு வாரம், பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லிப் பெரிய வீட்டுக் காரியக்காரர் ஏடுகளை வாங்கிப் போனார். அந்த வீட்டு நிலக்கிழாரே அவற்றை நம் காட்சிசாலைக்கு வழங்கினார். அதற்காக நம் முன்கூடத்தில் அவருக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கடலைப் பயிரை முப்பது ஆண்டு ஆராய்ந்தவர் என்று செயலாளர் பேசினார். நானும் கை தட்டினேன்.

“நோட்டு எனுக்கு வாணாங்க. வூட்டுல வெச்சா கரையான் துன்னும். இங்கியே இருக்கட்டும். எழுதினது எங்கப்பாருதான்னு ஒரு எழுத்து எழுதி வெச்சா போதும். பெரிய வூட்டுல இன்னா சொல்றாங்க தெரியுமா? அவனுக்கு எழுத்தே தெரியாது, எங்க அய்யா சொல்லச் சொல்லக் குறிச்சிக்கினவன் வேற ஆளுன்றாங்க. செத்தவரு வந்து எழுதிக் காட்டுவாரா?”

இந்தக் கேள்விக்கு விடை என்னிடம் இருந்தது. நான்கு தட்டுகளில் சிதறிக் கிடந்த பதினோர் ஏடுகளையும் எடுத்துவந்து, எழுதப்பட்ட வரிசையில் மேசைமேல் அடுக்கினேன். நான் சிதறடித்த பிறகு அவை ஒன்றாக இருந்தது அன்றுதான். தனித்தனியே படித்தபோது மழையும் கம்பளிப்பூச்சியும் களையுமாகத் தெரிந்தவை, சேர்த்துப் படித்தபோது ஒரு மனிதராக எழுந்தன. கொடி மல்லாட்டையை விட்டுக் கொத்து மல்லாட்டைக்கு மாறிய ஆண்டு. எந்தச் செடியில் பருப்பில்லாத பொக்குக் காய் இல்லையோ அதை மட்டும் தனியே பிடுங்கி விதைக்கு வைத்தது. அடுத்த ஆண்டு அதன் பிள்ளை. அதற்கடுத்த ஆண்டு அதன் பிள்ளை. ஓரங்களில் வீட்டுச் செய்திகள். அட்டையில் நான் அவற்றை ‘இடையிடையே தொடர்பற்ற குறிப்புகள்’ என்று ஒரு வரியில் ஒதுக்கியிருந்தேன்.

மூன்றாம் ஏட்டில் ஓர் ஓரத்தைச் சுட்டிக்காட்டினேன். ‘ரெண்டாங்களை முடிஞ்சது. மேக்கால இடி. பொண்ணு பொறந்தா.’

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். “அது நாந்தாங்க” என்றார்.

நிலக்கிழாருக்குப் பெண்மக்கள் இல்லை. பிறந்தவர் மூவரும் ஆண்கள். ஊரறிந்த செய்தி. எழுத்துத் தெரியாதவர் என்று சொல்லப்பட்டவரின் கை, தன் மகள் பிறந்த பொழுதை எழுதி எனக்கு முன்னே கிடந்தது. அதைத்தான் நான் தொடர்பற்றது என்றேன்.

அப்போது காட்சிசாலையின் அட்டவணை நூலாக அச்சேறிக்கொண்டிருந்தது. அட்டைகளைத் திருத்தலாம், நூல் அச்சாகிவிட்டால் பல ஊர் நூலகங்களுக்குப் போய்விடும், பிறகு நிலக்கிழாரே ஆராய்ந்தவர் என்பது என்றைக்கும் உண்மையாகிவிடும். செயலாளர் அந்த வாரம் வந்தபோது மூன்றாம் ஏட்டை அவர்முன் விரித்துவைத்தேன். அவர் படிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆக்கியோன்னா ஆத்தர். ஒரு குத்தகைக்காரன் எப்படிய்யா ஆத்தர் ஆவான்?”

“எழுதினால் ஆவான்.”

“வித்வான், நான் விதண்டாவாதத்துக்கு வரலே. டோனர் பேர்ல கலெக்‌ஷன். அதான் ரூல். நீங்க ஒத்து, சந்தி பார்த்தாப் போதும்.”

ஒற்றும் சந்தியும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அச்சுத்தாள்களை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். சந்திப்பு நிலையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து, அச்சகத்தின் பின்கட்டில் மசி வாடைக்கு நடுவே உட்கார்ந்து, நிலக்கடலைக் குறிப்புகள் என்ற பதிவின் தலையில் ‘ஆக்கியோன்’ என்று எழுதி, அந்தக் குத்தகைக்காரரின் பெயரை, அவருடைய தந்தை பெயரோடும் ஊரோடும் எழுதினேன். கீழே ‘வழங்கியவர்’ என்ற வரி நிலக்கிழார் பெயரோடு இருந்தபடியே இருந்தது. அதை நான் தொடவில்லை, கொடுத்தவர் அவர்தாம்.

அச்சுக்கோப்பவர் என் திருத்தத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஐயா, இது புச்சா இருக்குதே. செக்ரட்ரி கையெழுத்து இல்லியே?”

“பிழை திருத்தத்துக்குக் கையெழுத்து எதற்கு?”

“பிழைன்னா எழுத்த மாத்துவீங்க. நீங்க ஆளையே சேக்குறீங்களே.” சொல்லிவிட்டுக் குனிந்து எழுத்துகளைப் பொறுக்கத் தொடங்கினார். “சேத்துர்றேங்க. ஒரு வரி ஏறுது, அவ்ளோதான். ஜல்தியா முடிச்சிர்லாம்.”

நூல் கட்டாகி வந்த அன்று செயலாளர் அதைக் கண்டுவிட்டார். அவர் என்னை ஏசவில்லை. அதைவிட இழிவாக ஒன்று செய்தார்: என் முன்னாலேயே ஏவலரிடம், இனிமேல் அச்சகத்துக்குப் போகவேண்டிய தாள் எதையும் வித்துவான் கையில் கொடுக்காதே என்றார். பிழைதிருத்தச் சீட்டு ஒன்றைத் தாமே எழுதி, எனக்குக் காட்டாமல், நேரே விழுப்புரத்து அச்சகத்துக்குக் கொடுத்து, அச்சிட்டு ஒவ்வொரு படியிலும் ஒட்டச் செய்து, எல்லா ஊர்களுக்கும் அனுப்பிவைத்தார்.

சீட்டு என் கண்ணில் பட்டபோது படிகள் போய்ச் சேர்ந்திருந்தன. அதில் இருந்தது இது: ‘நிலக்கடலைக் குறிப்புகள் என்ற பதிவில் ஆக்கியோன் என்பதை வழங்கியவர் எனத் திருத்திப் படிக்க.’

இருமுறை படித்தேன். தமிழில் ஒரு வாக்கியம் எதைச் செய்கிறது என்று பார்க்கும் பழக்கமே இல்லாத ஒருவர் எழுதியது. ‘ஆக்கியோன்’ என்ற சொல்தான் அவருக்குக் குற்றம். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் யாருடைய பெயர் நிற்கிறது என்று அவர் பார்க்கவில்லை. அவர் சொன்னபடி திருத்திப் படித்தால், வழங்கியவர் குத்தகைக்காரர். அவருக்குக் கீழே, இரண்டாவது வழங்கியவராக, நிலக்கிழார். மாலையும் பொன்னாடையும் வாங்கியவர் தம் குத்தகைக்காரருக்குப் பின்னால் நின்று கை நீட்டிக் கொடுத்தவராக ஆகிவிட்டார்.

பத்து நாளுக்குள் நிலக்கிழார் தம் வில்வண்டியில் வந்து இறங்கினார். செயலாளரும் அன்று இருந்தார். “எங்க வூட்டு நோட்ட எனக்கு முன்னாடி அவன் குடுத்தானா? எம் மேல ஏறி உக்காந்துக்கினு இருக்கிறான்யா வரியில” என்று அவர் இரைந்தது முன்கூடத்தில் புட்டிகள்வரை கேட்டது. அவர் போனபின் செயலாளர் என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“வித்வான், இதை நீங்க கவனிச்சிருக்கலாமே?”

“சீட்டு என் பார்வைக்கு வரவில்லை.”

“வந்தப்புறமாவது சொல்லியிருக்கலாம்.”

சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுவதும் சுவரொட்டியிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பிழை கண்டால் நின்று சொல்லிவிட்டுப் போகிறவன் நான். ஒரு பிழையைக் கண்டும் வாய் திறவாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அதற்கு வருந்தவில்லை. அச்சகத்திலிருந்து திரும்பியதும் நான் குத்தகைக்காரர் பெயரை ஏற்றியிருந்த ‘நி’ இழுப்பறை அட்டைகளைச் செயலாளர் கம்பியை உருவி எடுத்து, ஆக்கியோன் வரி இல்லாமல் என்னையே திரும்ப எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். எழுதிக் கொடுத்தேன். அப்போது என் கையெழுத்து அழகாகவே இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அந்த அம்மாள் அடுத்த வாரம் வந்தார். பழிவாங்கிவிட்ட மகிழ்ச்சி எனக்குள் மிச்சம் இருந்தது. அச்சான நூலைத் திறந்து, அவர் தந்தையின் பெயரைக் காட்டி, ஒட்டியிருந்த சீட்டையும் படித்துக் காட்டினேன். நிலக்கிழார் வந்து கத்தியதையும் சொன்னேன். ஏவலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

“எங்கப்பாரு குடுத்தாருன்னா போட்டுக்கிறீங்க?”

“அச்சில் அப்படி அமைந்துவிட்டது, அம்மா.”

“அவரு ஒண்ணும் குடுக்கலீங்க. அவங்க எடுத்துக்கினு போனாங்க. எழுதினாருன்னு போடுங்கன்னு கேட்டா, குடுத்தாருன்னு போட்டிருக்கீங்க.” துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். “இதுக்கா அஞ்சு தபா வந்தேன்?”

என் மகிழ்ச்சி அந்த இடத்திலேயே செத்தது. செயலாளரை அவமானப்படுத்தியதில் எனக்குக் கிடைத்தது உண்டு; அந்த அம்மாளுக்குக் கிடைத்தது ஒன்றும் இல்லை. அவருடைய கேள்வி எழுதியது யார் என்பது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு படித்த ஆண்கள் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருந்தோம்.

இழுப்பறையைத் திறந்து புதிய அட்டை ஒன்றை எடுத்தேன். தலைச்சொல்லாக ‘மல்லாட்டை விவரம்’ என்று எழுதினேன். அடுத்த வரியில் ‘ஆக்கியோன்’ என்று எழுதி அவர் தந்தையின் பெயர். ஏடுகள் பதினொன்று, பிரிக்கப்படாமல் ஒரே தொகுதியாகக் கொள்ளத்தக்கவை, இன்னின்ன தட்டில் இன்னின்ன ஏடு. ஓரக்குறிப்புகளில் ஆக்கியோன் தம் மகள் பிறந்ததைக் குறித்திருக்கிறார், ஏடு மூன்று. இவ்வளவையும் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். தலைச்சொல்லுக்கே திரும்பி வந்து நின்றார்.

“ரெண்டு எடத்துல தப்பா இருக்குதுங்க ஐயா.”

என் அட்டையில் தப்பு என்று அதுவரை எவரும் சொன்னதில்லை. “எங்கே?” என்றேன்.

“எங்கப்பாரு மல்லாட்டன்னுதான் எழுதினாரு. நீங்க ஐ போட்டிருக்கீங்க. அவரு வெவரம்னு எழுதினாரு. நீங்க வேற மாதிரி எழுதியிருக்கீங்க. இது அவரு நோட்டுன்னு எப்புடித் தெரியும்?”

ஏவலர் என்னைப் பார்த்தார். நான் அந்த அட்டையைக் கிழித்தேன். இன்னொன்றை எடுத்து, மேலட்டையில் இருந்தபடி, ‘மல்லாட்ட வெவரம்’ என்று எழுதினேன். ஐகாரம் இல்லை, இகரம் இல்லை. பேனா ஒவ்வோர் இடத்திலும் திருத்தப் போய் நின்றது.

‘ம’ இழுப்பறையின் கம்பியை உருவி, அதன் இடத்தில் வைத்து, கம்பியை மறுபடி செலுத்தினேன். அந்த அம்மாள் தாமே ஒருமுறை இழுப்பறையை இழுத்து, தேடி, கண்டு, மூடினார். பிறகு பேருந்துக்குப் போனார்.

அறுபதுகளின் நடுவில் நான் அந்த வேலையை விட்டேன். அதுவரை செயலாளர் பல தடவை ‘நி’ இழுப்பறையைத் திறந்து, ஆக்கியோன் யாரும் மீண்டும் குடியேறிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். ‘ம’ இழுப்பறையை அவர் ஒரு நாளும் திறக்கவில்லை. படித்தவர் எவரும் அந்தச் சொல்லைத் தேடமாட்டார் என்பதை நான்தான் அவருக்குக் கற்பித்திருந்தேன்.